ஆயன் குன்று: கெய்ர்ன்கார்ம் மலைகளுக்கு எதிரே ஒரு நாள் நடை

ஸ்காட்லாந்தின் வடக்கையும் மேற்கையும் நிறைத்துக் கிடக்கும் மலைப்பகுதி ஹைலாண்ட்ஸ் எனப்படுகிறது. அங்கு ஏற வரும் வெளிநாட்டார் பெரும்பாலும் 1,345 மீட்டர் உயரமுள்ள பென் நெவிசையே தேடிச் செல்வதால், அதைவிடத் தாழ்ந்த நூற்றுக்கணக்கான குன்றுகள் பயண நூல்களில் ஒரு வரி கூடப் பெறாமல் நிற்கின்றன. இந்த இயலுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட குன்று அவற்றுள் ஒன்று. ஏவிமோர் என்னும் சிற்றூருக்குக் கிழக்கே, க்ளென்மோர் காட்டின் வடக்கு விளிம்பில், 810 மீட்டர் உயரத்தில் எழும் அதற்கு மியால் அ வூவகில்யே என்று பெயர். உள்ளூர் மக்களும் அடிக்கடி மலையேறுவோரும் அதை நன்கு அறிவர். ஏவிமோர் வரை வந்து, பெயர்பெற்ற பெரிய மலைகளை மட்டும் பார்த்துத் திரும்பும் பயணிக்குத்தான் அது பெரும்பாலும் தெரிவதில்லை.

பெயர் கேலிக் மொழிப் பெயர். இம்மொழி ஹைலாண்ட்ஸின் பழைய மொழி. ஆங்கிலத்தோடு அதற்கு மிகத் தொலைவான உறவே உண்டு. அதில் ‘மியால்’ என்பது உருண்டு திரண்ட மேட்டையும், ‘புவகில்யே’ என்பது மாடு மேய்ப்பவனையும் குறிக்கும். உடைமைப் பொருளில் வரும்போது முதலெழுத்தான பகரம் மெலிந்து வகர ஒலியாகிவிடுவதால், வரைபடத்தில் எழுதப்பட்டிருப்பதற்கும் வாயால் சொல்வதற்கும் இடையே பெரிய வேறுபாடு தோன்றுகிறது. தமிழில் சொல்வதானால் ஆயன் குன்று. நிலத்தால் குறிஞ்சியாகவும் பெயரால் முல்லையாகவும் இருக்கும் இக்குன்றுக்குத் தமிழ் வாசகர் தம் இலக்கணத்தில் எளிதாகவே இடம் கண்டுவிடுவர்.

அந்நாட்டில் மலைகளை உயரத்தால் வகைப்படுத்தும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. 3,000 அடிக்கு, அதாவது 914.4 மீட்டருக்கு மேற்பட்ட ஸ்காட்லாந்து மலைகளின் பட்டியலை சர் ஹியூ மன்ரோ 1891இல் வெளியிட்டதால் அவை மன்ரோக்கள் எனப்படுகின்றன. இன்றைய பட்டியலில் அவை 282. 2,500 அடிக்கும் 3,000 அடிக்கும் இடைப்பட்டு, எல்லாப் பக்கமும் குறைந்தது 500 அடி சரிந்து தனித்து நிற்பவை, அவற்றைத் தொகுத்த ஜான் ரூக் கார்பெட்டின் பெயரால் கார்பெட்டுகள் எனப்படுகின்றன. ஆயன் குன்று ஒரு கார்பெட். மன்ரோக்கள் அனைத்தையும் ஏறி முடிப்பதை வாழ்நாள் நோன்பாகக் கொண்டவர்கள் அந்நாட்டில் ஏராளமாக இருப்பதால், பட்டியலின் மேல்தட்டில் கூட்டமும் கீழ்த்தட்டில் அமைதியும் சேர்ந்துவிட்டன. ஆயினும் கார்பெட்டுக்கு விதிக்கப்பட்ட ‘தனித்து நிற்றல்’ என்னும் நிபந்தனைதான் நடப்பவருக்குப் பயன்படுவது. பெருமலைத் தொடரின் நடுவே நிற்கும் உச்சியிலிருந்து அத்தொடர் தெரியாது. விலகி எதிரே நிற்கும் குன்றிலிருந்தே அது முழுதாகத் தெரியும். ஆயன் குன்றுக்குத் தெற்கே எதிர்நிற்கும் கெய்ர்ன்கார்ம் மலைகளின் மேற்பகுதி ஏறத்தாழத் தட்டையான கற்பாழ் என்பதால் இவ்வுண்மை அங்கு இருமடங்காகப் பொருந்துகிறது: 1,245 மீட்டர் கெய்ர்ன் கார்ம் உச்சியில் நிற்பவரின் காலடிக்குக் கீழே மறைந்துவிடும் செங்குத்துப் பள்ளங்கள் அனைத்தும் ஆயன் குன்றின் உச்சியிலிருப்பவருக்கு நேர் எதிரே திறந்து கிடக்கும்.

உயரம் பற்றிய ஒரு எச்சரிக்கை

810 மீட்டர் என்ற எண் தமிழ்நாட்டிலிருந்து வருபவருக்குச் சிறியதாகவே படும். உதகையின் கடைத்தெருவே 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஏற்காடு கூட 1,500 மீட்டர் அளவில் உள்ளது. ஆனால் உதகை வடக்கே 11 பாகை அகலக்கோட்டிலும், ஆயன் குன்று 57 பாகை அகலக்கோட்டிலும் இருப்பதை மறந்தால் இவ்வொப்பீடு ஆளையே கவிழ்த்துவிடும். அங்கு பைன் காடு குன்றின் பாதி உயரத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் காற்றைத் தடுக்க ஒரு புதர் கூடக் கிடையாது. ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பம் அரை பாகைக்கு மேல் குறைவதும், அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து ஈரக்காற்று ஓயாது வருவதும் சேர்ந்து, அடிவாரத்தில் சட்டை போதுமென்றிருந்த ஜூன் மாத நாளில் உச்சியில் கையுறை தேவைப்படச் செய்கின்றன. எதிரேயுள்ள கெய்ர்ன் கார்ம் உச்சியின் வானிலைக் கருவி 1986 மார்ச் 20 அன்று மணிக்கு 173 மைல், அதாவது சுமார் 278 கிலோமீட்டர் வேகக் காற்றைப் பதிவு செய்தது. 1971 நவம்பரில் அம்மலையின் மேற்தளத்தில் பனிப்புயலில் சிக்கிய மாணவர் குழுவில் ஐந்து மாணவர்களும் பயிற்சி நிலையில் இருந்த ஒரு வழிகாட்டியும் உயிரிழந்தனர். ஆயன் குன்று அத்தனை கொடியதன்று. ஆனால் அதே வானத்தின் கீழ்தான் நிற்கிறது.

இக்காரணத்தால் இந்த இயல் மே முதல் அக்டோபர் தொடக்கம் வரையான நடைக்கே பொருந்தும். பனி படிந்த காலத்தில் இதே பாதை பனிக்கோடரியும், காலணியில் மாட்டும் முள்தகடும், அவற்றைக் கையாளும் பயிற்சியும் கேட்கும் வேறொரு பாதையாகிவிடுகிறது. பகல் அளவும் கணக்கில் கொள்ளத்தக்கது: ஜூன் பிற்பகுதியில் ஏவிமோரில் சுமார் 18 மணி நேரம் பகலிருக்க, டிசம்பர் பிற்பகுதியில் 7 மணி நேரத்துக்கும் குறைவாகவே இருக்கிறது.

உரிமையும் கடமையும்

ஹைலாண்ட்ஸில் நடப்பவர் நுழைவுச்சீட்டோ வனத்துறை அனுமதியோ பெறவேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்த (ஸ்காட்லாந்து) சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவருக்கும் பெரும்பாலான நிலங்களிலும் நீர்நிலைகளிலும் செல்லும் உரிமையை, நிலம் யாருக்குச் சொந்தமானாலும், வழங்கியுள்ளது. தமிழகத்தில் வனத்துறையின் சோதனைச் சாவடிகளுக்குப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். ‘பொறுப்போடு’ என்ற சொல்லுக்கான விளக்கம் ஸ்காட்லாந்து வெளிப்புற அணுகல் நெறிமுறை என்னும் கையேட்டில் தரப்பட்டுள்ளது. திறந்த வாயிற்கதவைத் திறந்தபடியும் மூடியதை மூடியபடியும் விடுவது, நாயைக் கட்டுக்குள் வைப்பது, வறண்ட நாளில் காட்டிலும் பீட் என்னும் கரிய மக்குமண்ணிலும் தீ மூட்டாதிருப்பது என்பன அதன் சாரம்.

க்ளென்மோர் காட்டில் இந்நெறி வெறும் மரியாதை அன்று. வான்கோழி அளவுக்கு வளரும் கேப்பர்கேலி என்னும் காட்டுப்பறவை, 2021-22 குளிர்காலக் கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்து முழுவதிலும் சுமார் 542 மட்டுமே எஞ்சியதாக மதிப்பிடப்பட்டது. அவற்றுள் பெரும்பாலானவை கெய்ர்ன்கார்ம்ஸ் தேசியப் பூங்காவுக்குள், இது போன்ற பைன் காடுகளில் வாழ்கின்றன. அது தரையில் முட்டையிடும் பறவை. ஒருமுறை கலைக்கப்பட்ட தாய் கூட்டுக்குத் திரும்பத் தாமதித்தால் முட்டைகள் குளிர்ந்துவிடும் என்பதால், இளவேனிலிலும் கோடையிலும் பாதையை விட்டு விலகாமல் நடப்பது சட்டத்துக்காகச் செய்ய வேண்டியதன்று, பறவைக்காகச் செய்ய வேண்டியது.

போய்ச் சேரும் வழி

பெர்த்துக்கும் இன்வெர்னெசுக்கும் இடையிலான ரயில் பாதையில் ஏவிமோர் நிலையம் உள்ளது. அங்கிருந்து சுமார் 11 கிலோமீட்டர் கிழக்கே, மோர்லிக் ஏரியின் மணற்கரையைத் தாண்டியதும், க்ளென்மோர் வருகையாளர் மையம் வரும், பேருந்தும் உண்டு. வாகனம் நிறுத்துமிடம், கழிவறை, உணவகம் எல்லாம் இங்குதான். இதற்கப்பால் ஒன்றும் கிடையாது. அருகிலேயே, 1952இல் மிக்கெல் உட்சி என்னும் சாமி இனத்தவர் ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து மீண்டும் குடியேற்றிய துருவமான் மந்தையின் மையமும், இரண்டாம் உலகப்போரில் இப்பள்ளத்தாக்கில் பயிற்சி பெற்ற நார்வே நாட்டுப் படைவீரர்களின் நினைவுக்கல்லும் இருக்கின்றன. இவற்றைத் திரும்பி வந்தபின் பார்ப்பதே நல்லது. காலை நேரம் குன்றுக்கு உரியது.

பாதை

முழுச் சுற்று ஏறத்தாழ 9 கிலோமீட்டர். மொத்த ஏற்றம் 500 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை நெய்ஸ்மித் விதியால் கணக்கிடலாம். வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் வகுத்த இவ்விதியின் இன்றைய வடிவம், 5 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரமும், ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக 10 நிமிடமும் சேர்க்கச் சொல்கிறது. அதன்படி தூரத்துக்கு 108 நிமிடமும் ஏற்றத்துக்கு 50 நிமிடமும் கூட்ட, இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடிக்கலாம் என்று வரும். நெய்ஸ்மித் ஓய்வையும், படம் எடுக்கும் நேரத்தையும், மூச்சு வாங்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்கவில்லை. மலை நடைக்குப் புதியவர் இதை ஒன்றரையால் பெருக்கி நான்கு மணி நேரம் என்று கொள்வதே அறிவுடைமை.

சுற்றைக் கிழக்கு நோக்கித் தொடங்கி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் முடிக்குமாறு இந்நூல் பரிந்துரைக்கிறது. அவ்வாறு சென்றால் செங்குத்தான கற்படிகளை ஏறும் வழியில் சந்திக்கலாம், முழங்காலைத் தேய்க்கும் இறக்கத்தில் சந்திக்க வேண்டியதில்லை. மேலும் ஏற்றம் தொடங்குமிடத்தில் கூரை ஒன்றின் கீழ் நின்று வானத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம். மேற்கிலிருந்து வீசும் காற்று ஏறும்போதும் உச்சியிலும் முகத்தில் அறையும் என்பது இத்திசையின் குறை. அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

வருகையாளர் மையத்திலிருந்து, தேசிய மலைப்பயிற்சி நிலையமான க்ளென்மோர் லாட்ஜ் வரை சாலையை ஒட்டி நடந்தால், அதற்கப்பால் வாகனங்கள் செல்ல இயலாத அகன்ற காட்டுப்பாதை ரைவோன் கணவாய்க்குள் நுழைகிறது. கணவாய் ஆழமாகவும் ஒடுக்கமாகவும் இருப்பதற்குக் காரணம், பனியுகத்தின் இறுதியில் உருகிய பனியாற்று நீர் அதைக் குடைந்து சென்றதேயாகும். இருபுறமும் நிற்பவை ஸ்காட்ஸ் பைன் மரங்கள். செம்மஞ்சள் பட்டையும் ஒழுங்கற்ற கிளைகளும் கொண்ட இவை, ஒரு காலத்தில் ஹைலாண்ட்ஸின் பெரும்பகுதியை மூடியிருந்த கலிடோனியப் பைன் காட்டின் மிச்சங்கள். கோடுபோட்டு நட்ட தோட்டக் காட்டுக்கும் தானாக முளைத்த பழங்காட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டறிய, மரங்களுக்கு இடையேயுள்ள தரையைப் பார்த்தால் போதும்: பழங்காட்டில் ஹெதர் என்னும் ஊதாப்பூச் சிறுபுதரும், ப்ளேபெரி என்னும் உண்ணத்தக்க கருநீலப் பழச்செடியும் முழங்கால் உயரத்துக்கு அடர்ந்திருக்கும். உச்சிக் கொண்டையுடைய சிறு பறவை கண்ணில் பட்டால் அது கொண்டைச் சிட்டு. பிரித்தானியத் தீவுகளில் அது ஹைலாண்ட்ஸின் பைன் காடுகளிலேயே வாழ்கிறது.

கணவாயின் நடுவே, பாதைக்கு வலப்புறம் சற்றுக் கீழே, அன் லாகன் ஊவன்யே என்னும் பச்சைச் சுனை கிடக்கிறது. ‘லாக்’ என்றால் ஏரி, ‘லாகன்’ என்றால் சிறிய ஏரி, ‘ஊவன்யே’ என்றால் பச்சை. தேவதைகள் தம் பச்சை ஆடைகளை அதில் அலசியதால் அந்நிறம் வந்தது என்பது ஊர்க்கதை. நீர் மிகத் தெளிவாக இருப்பதால் அடியில் மூழ்கிக் கிடக்கும் பைன் தண்டுகளைக் கரையிலிருந்தே எண்ணலாம். முதல் ஓய்வுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் காற்றில்லாத கோடை நாளில் இங்கு உட்கார்வது தவறாகப் போகலாம், காரணம் மிட்ஜ். கொசுவைவிட மிகச் சிறிய, கூட்டம் கூட்டமாக வந்து கடிக்கும் இந்த ஈ, மே இறுதி முதல் செப்டம்பர் வரை ஈரமும் நிழலும் உள்ள இடங்களில் பெருகும். கடிப்பவை பெண் ஈக்கள் மட்டுமே. மெல்லிய காற்று வீசினாலும் அவற்றால் பறக்க இயலாது என்பதால், நோயோ மருந்தோ பற்றி யோசிப்பதைவிட எழுந்து காற்றுள்ள மேட்டுக்கு நடப்பதே உடனடித் தீர்வு. தலையை மூடும் மெல்லிய வலை ஒன்று பையில் இருந்தால் இன்னும் நிம்மதி.

இக்கணவாய் வழியே செல்லும் தடத்துக்குக் கேலிக் மொழியில் திருடர் வழி என்ற பழம்பெயர் உண்டு. மேற்கே லாகபர் பகுதியின் குலங்கள், வடகிழக்கே மோரேயின் வளமான தாழ்நிலத்து மாடுகளைக் கவர்ந்து, பள்ளத்தாக்கின் முதன்மை வழியைத் தவிர்த்து மறைவாக ஓட்டிச் சென்ற பாதைகளுள் இது ஒன்று. ஆநிரை கவர்தலை வெட்சி என்றும் மீட்டலைக் கரந்தை என்றும் பிரித்துத் தனித் திணைகளாகவே வைத்த மரபின் வாசகருக்கு, ஆயன் பெயர் கொண்ட குன்றின் அடியில் கள்வர் பாதை ஓடுவதன் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை.

சுனையைக் கடந்து சிறிது தொலைவில் பாதை பிரிகிறது. வலக்கிளை நெத்தி ஆற்றையும் பைனாக் மோர் மலையையும் நோக்கித் தொலைதூரம் செல்வது. ஆயன் குன்றுக்கு இடக்கிளையே உரியது. அதன் வழியே சிறிது நேரத்தில் மரங்கள் விலகி, திறந்தவெளியில் ரைவோன் பாத்தி என்னும் கல்வீடு தென்படும். பாத்தி என்பது ஆளில்லாத, பூட்டப்படாத, கட்டணமில்லாத மலைத்தங்கல். பழைய வேளாண் குடும்பத்தின் வீடு பின்னாளில் வழிநடப்போர் ஒதுங்கும் இடமானது. நம் ஊர்ச் சாலையோரச் சத்திரங்களின் தூரத்து உறவு எனலாம், அன்னதானம் மட்டும் இல்லை. 1965இல் தொடங்கப்பட்ட மலைத்தங்கல் சங்கத்தின் தன்னார்வலர்கள் இதைப் போல் சுமார் 100 தங்கல்களைப் பராமரிக்கின்றனர். மின்சாரமோ குடிநீர்க் குழாயோ கிடையாது. கொண்டுவந்த குப்பையைத் திரும்ப எடுத்துச் செல்வது எழுதப்பட்ட விதி.

இங்குதான் முடிவெடுக்க வேண்டும். தொடங்கிய இடத்திலிருந்து இதுவரை வந்த தூரம் ஏறத்தாழ 4 கிலோமீட்டர், ஏறிய உயரமோ 60 மீட்டர் அளவே. எஞ்சிய 400 மீட்டரும் இனி ஒன்றரை கிலோமீட்டர் அளவான தூரத்துக்குள் வரும். குன்றின் தலை மேகத்துக்குள் இருந்தாலோ, தங்கலின் வாசலிலேயே காற்று ஆளைத் தள்ளினாலோ வந்த வழியே திரும்புவதில் எந்த இழிவும் இல்லை. சுனையும் காடும் தம்மளவிலேயே ஒரு நல்ல அரைநாள் நடை.

ஏறுவதானால், தங்கலை ஒட்டி மேற்கே செல்லும் பாதை தெளிவாகத் தெரியும். மண் அரிப்பைத் தடுக்கக் கற்களைப் பதித்துப் படிகளாக்கியுள்ளனர். கற்கள் ஈரத்தில் வழுக்கும் என்பதற்காகப் பக்கத்துப் புல்லில் நடப்பது பலரும் செய்யும் பிழை. அவ்வாறு ஆயிரம் பேர் நடந்ததால்தான் பாதையை அகலமாக அரித்த பழைய காயங்கள் உண்டாயின. ஏறுகையில் ஒரு முகடு முடிந்துவிட்டதாகத் தோன்றி, அதன்பின் இன்னொன்று எழும். மெதுவாக, பேச்சு நிற்காத வேகத்தில் ஏறுவதே முறை.

உச்சியில் பெரிய கற்குவியல் ஒன்று காற்றுத் தடுப்பாக அடுக்கப்பட்டுள்ளது. அதன் மறைவில் உட்கார்ந்து தெற்கே பார்க்க வேண்டும். கீழே மோர்லிக் ஏரியும் அதைச் சூழ்ந்த காடும். அதற்கு மேல் கெய்ர்ன்கார்ம் மலைச்சுவரும், அதில் வரிசையாகக் குடையப்பட்ட சர்க்குகளும் தெரியும். சர்க்கு என்பது பனியாறு தன் தொடக்கத்தில் மலையைக் கரண்டியால் அள்ளியது போல் குடைந்த அரைவட்டப் பள்ளம். பாடநூல்களில் படமாகவே கண்ட அவ்வுருவத்தை ஒரே பார்வையில் பலவாகக் காட்டும் இடங்கள் அரிது. சுவரின் வலப்பக்கம் ஆழமாக வெட்டிய பிளவு லாரிக் க்ரூ கணவாய். வடக்கே திரும்பினால் காட்சி முற்றிலும் மாறி, அபர்நெத்திக் காட்டின் இருண்ட பரப்பும் அதற்கப்பால் தாழ்ந்து செல்லும் நிலமுமாக இருக்கும்.

இறக்கத்தில் ஒரே ஓரிடத்தில்தான் வழி தவறக்கூடும். உச்சியிலிருந்து மேற்கே இறங்கும் பாதை, அடுத்த முகடான க்ரேகன் கோர்முக்கும் இதற்கும் இடைப்பட்ட தாழ்வை அடைகிறது. இத்தகைய தாழ்வைக் கேலிக் மொழியில் பியாலக் என்பர். குதிரைச் சேணத்தின் நடுப்பகுதி போன்றது. அங்கு இடப்புறம், அதாவது தெற்கே திரும்பினால் பாதை காட்டுக்குள் இறங்கி நேராக வருகையாளர் மையத்தில் சேர்க்கும். மூடுபனியில் வடக்கே இறங்கிவிட்டவர் அபர்நெத்திப் பக்கம் வெகுதூரம் சென்று, வாகனம் ஒருபுறமும் தாம் மறுபுறமுமாக நிற்க நேரும். நேரமும் கால்வலுவும் மிஞ்சினால் 732 மீட்டர் க்ரேகன் கோர்ம் வரை சென்று மீள்வது தகும்.

எடுத்துச் செல்ல வேண்டியவை

கைபேசி வரைபடம் உதவும், ஆனால் குளிரில் மின்கலம் விரைவில் தீரும் என்பதால் ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனத்தின் 1:25,000 அளவுத்திட்ட ஓஎல்57 தாளும் திசைகாட்டியும் வேண்டும். வரைபடத்தில் சம உயரக்கோடுகள், அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள், நெருங்கியிருக்குமிடம் செங்குத்து என்பதை முந்தைய இரவே பார்த்துவைப்பது நல்லது. மலை வானிலைத் தகவல் சேவை கெய்ர்ன்கார்ம் பகுதிக்கென நாள்தோறும் தனி முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அதில் மன்ரோ உச்சிகள் மேகமின்றி இருக்கும் வாய்ப்பு விழுக்காட்டில் தரப்படும். ஆயன் குன்று அவற்றினும் தாழ்ந்தது என்பதால், பெருமலைகள் மேகத்துக்குள் மறைந்த நாளிலும் இதன் உச்சி வெளியே இருப்பதுண்டு.

உடையில் பருத்தியைத் தவிர்க்க வேண்டும். சென்னை வெயிலில் வியர்வையை உறிஞ்சிக் காக்கும் அதே துணி, இங்கு நனைந்தபின் உலராமல் உடற்சூட்டைக் கவர்ந்துவிடும். ஜீன்ஸ் இதில் முதற்குற்றவாளி. கம்பளியோ செயற்கை இழையோ உள்ளே, நீர்புகா மேலங்கியும் கால்சட்டையும் வெளியே, கணுக்காலைப் பிடிக்கும் காலணி, கோடையிலும் தொப்பி, கையுறை, தலைவிளக்கு, ஊதல். உணவுக்குப் புளியோதரையை விஞ்சியது எதுவும் இல்லை: கெடாது, ஆறினாலும் சுவை குன்றாது, உப்பையும் எண்ணெயையும் சேர்த்தே தரும். திரும்பியதும் முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் நுண்கவ்வியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும்; சில உண்ணிகள் லைம் நோயைப் பரப்பும் என்பதால், பின்வரும் வாரங்களில் அவ்விடத்தில் சிவந்த வட்டம் பரவினால் மருத்துவரிடம் காட்டுவது கட்டாயம்.

விபத்து நேர்ந்தால் 999 எண்ணை அழைத்து, முதலில் காவல்துறையையும் அதன்வழி மலைமீட்புக் குழுவையும் கேட்க வேண்டும். அலைவரிசை இல்லாத இடத்தில் ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊதுவது மலைகளில் அபாயக் குறி. வருவோர் ஊதியமின்றிப் பணியாற்றும் தன்னார்வலர். மீட்புக்குக் கட்டணம் கேட்பதில்லை. புறப்படும் முன் விடுதியிலோ நண்பரிடமோ எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புதல் என்பதைச் சொல்லிவைத்தவர், திரும்பியவுடன் அவரிடம் வந்துவிட்டதாகவும் சொல்லிவிட வேண்டும். அதை மறந்து ஒருவர் உணவகத்தில் தேநீர் அருந்திக்கொண்டிருக்க, அவரைத் தேடி ஒரு குழு இருட்டில் இதே கற்படிகளில் ஏறிக்கொண்டிருக்கும்.